பட்டப்பகலில் எரிந்த விளக்குகள்

பனி காய்வதற்கு முன்னால் சோலார் பேனலைத் துடைத்துவிட வேண்டும். ராத்திரி முழுக்கக் கல்தூசி பனியில் ஊறிக் கிடக்கும். அதன்மேல் வெயில் பட்டுவிட்டால் சுண்ணாம்பு மாதிரி இறுகிக்கொள்ளும். அப்புறம் நகம் தேய்ந்தாலும் போகாது. குவாரியை மூடி எத்தனையோ வருஷம் ஆகியும் தூசி மட்டும் வேலையை விடவில்லை. மலையைக் குடைந்த பள்ளத்திலிருந்து காற்றில் ஏறி வந்து, எல்லார் வீட்டுக் கூரையிலும் எல்லார் தொண்டையிலும் உட்கார்ந்துகொண்டிருந்தது.

கரண்டக்கா ஏணியில் நின்று ஈரத்துணியால் இழுத்து இழுத்துத் துடைத்தாள். மனசு துடைப்பில் இல்லை. அன்றைக்கும் விடிவதற்கு முன்னால் இன்வர்ட்டர் கத்திவிட்டது. அது கத்தினால் பாட்டரியில் ஒன்றும் மிச்சமில்லை என்று அர்த்தம். கத்தி ஓய்ந்ததும் அவள் வீட்டு மூலையில் ஓடிக்கொண்டிருந்த ஆக்சிஜன் மெஷின் நின்றுபோனது. அவள் வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. எழுப்பி உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, விசிறிக்கொண்டே வெளுக்கிற வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறி, பேனல் வேலை செய்ய ஆரம்பித்தால்தான் மெஷின் ஓடும். மெஷின் ஓடினால்தான் அவர்.

“அக்கா, அந்தச் சேலைய எங்கிட்ட குடு. மாவு சலிக்க ஒரு நல்ல சல்லடை தெச்சுத் தர்றேன்.” கீழே தண்ணீர்க் குடத்தோடு போய்க்கொண்டிருந்த தையல்காரி நின்று கூவினாள்.

பாட்டரி ஆசிட் தெறித்துத் தெறித்துக் கரண்டக்காவின் சேலைகள் எல்லாமே முழங்காலுக்குக் கீழே பொத்தல்தான்.

“அந்த ஆசிட்ல ரெண்டு சொட்டு உன் வாயில விட்டா ஊரே நிம்மதியா இருக்கும்டி.”

தையல்காரி சிரித்தாள். பிறகு குரலை இறக்கி, “அண்ணனுக்கு எப்படிக்கா இருக்கு?” என்று கேட்டாள்.

“இருக்காரு,” என்று சொல்லிவிட்டு அடுத்த பேனலுக்கு ஏணியை நகர்த்தினாள்.

கரண்டுக் கம்பி மலையடிவாரத்தோடு நின்றுவிட்ட ஊர் அது. மேலே ஏறுவதற்கு அதற்கும் மூச்சு வாங்கியிருக்கும் போல. தார்ரோடு பாதி மலையில் முடிந்துபோகும். மீதிப் பாதி நடைதான், அல்லது மட்டக்குதிரை. அப்படிப்பட்ட இடத்துக்கு, எங்கோ தூரதேசத்தில் மனசுள்ளவர்கள் போடும் பணத்தை விளக்கில்லாத ஊர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற ஓர் அமைப்பு வந்து, பேனல் நட்டு, பாட்டரி அடுக்கி, வெளிச்சம் கொடுத்துவிட்டுப் போனது. குவாரியின் பழைய வெடிமருந்து அறைதான் பாட்டரி அறை ஆனது. யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டபோது ஆம்பளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். “நான் பாத்துக்கறேன் சார்,” என்றவள் இவள். அவர்களும் கீழே கூட்டிப்போய்க் கற்றுக்கொடுத்தார்கள். அன்றிலிருந்து கரண்டக்கா.

இடுப்பு உயரத்துக்கு வரிசையாக நிற்கும் அந்தப் பாட்டரிகளைப் பிள்ளை வளர்க்கிற மாதிரிதான் வளர்த்தாள். காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றி, முனையில் பூக்கிற வெள்ளைப் பொடியைச் சுரண்டி, வாஸலின் தடவி வைப்பாள். யாராவது வீட்டில் ரகசியமாக இஸ்திரிப்பெட்டி போட்டால் மீட்டரைப் பார்க்காமலே கண்டுபிடித்துப் போய்க் கிழிகிழியென்று கிழிப்பாள். ஆனாலும் எதற்கும் ஒரு ஆயுசு உண்டல்லவா? பாட்டரிகளுக்கு வயதாகிவிட்டது. இரண்டு வருஷமாகவே பகலில் குடித்ததில் பாதியைப் பொழுது சாய்வதற்குள் கக்கிவிடுகின்றன. ஊரை ஒன்பது மணிக்கே அணைத்து, மிச்சத்தை எல்லாம் தன் வீட்டு மெஷினுக்கு விட்டும் விடியும்வரை தாங்குவதில்லை.

வீட்டுக்காரருக்கு வியாதி என்று தனியாக ஒன்று வரவில்லை. இருபது வயசில் கல் உடைக்கப் போனவர். குவாரி மூடும்வரை துளை போட்டார். நெஞ்சுக்குள் பாதி மலை இருக்கிறது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கீழே ஆஸ்பத்திரியில் மெஷினைக் கொடுத்து, “ராத்திரி முழுக்க இது ஓடணும்மா, நிக்கவே கூடாது,” என்று டாக்டர் சொன்னபோது, எங்கள் ஊரில் ராத்திரி என்பது பாதிவரைக்கும்தான் டாக்டர் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவசரத்துக்கு ஒரு சிலிண்டரும் கொடுத்திருந்தார்கள்.

ஏணியிலிருந்து இறங்கும்போது கொழுந்தன் ஓட்டமும் நடையுமாக வந்தான். ஊரில் மாவு மில் வைத்திருப்பவன். விளக்குக் கமிட்டிக்கும் அவன்தான் தலைவர்.

“அண்ணி! வர்றாங்க அண்ணி! பாறை மேல ஏறி நின்னு போன்ல பேசினேன். பணம் குடுத்தவங்களே நேர்ல வர்றாங்க. புது பாட்டரிக்கு நாம கேட்டிருந்தோம்ல, அதுக்குத்தான்.”

கரண்டக்கா கையிலிருந்த துணியைப் பிழிய மறந்து நின்றாள்.

“எப்ப?”

“மூணாம் நாள். சாயங்காலம் மில்லு வாசல்ல கூட்டம் போட்டுடறேன்.”

கூட்டத்தில் எல்லாருக்கும் வாய் இருந்தது. வெள்ளையடிக்கலாம் என்றார் ஒருவர். மாலை வாங்கலாம் என்றார் இன்னொருவர். மில்லுக்காரன் கையைத் தட்டி அடக்கினான்.

“அதெல்லாம் கெடக்கட்டும். அவங்க வந்து நிக்கறப்போ லைட்டு எரியணும், மில்லு ஓடணும், ஊசி மருந்து வெக்கிற பிரிட்ஜு ஓடணும். ஒரு குறை தெரியக் கூடாது.”

“குறை இருக்குன்னுதானே தம்பி வரச் சொன்னோம்?” என்றாள் கரண்டக்கா.

“அண்ணி, சொல்றதக் கேளுங்க. பக்கத்து மலையில என்ன ஆச்சு? எல்லாம் போச்சு, ஒண்ணும் எரியலன்னு மூக்கைச் சிந்தினாங்க. வந்தவங்க என்ன சொன்னாங்க? வெச்சுக் காப்பாத்தத் தெரியாதவங்களுக்கு மறுபடி குடுத்து என்ன பிரயோஜனம்னு இருந்த பேனலையும் கழட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. நாம அப்படி நிக்கணுமா?”

அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும்.

“நல்லா வெச்சிருக்கோம்னு மொதல்ல காட்டணும். காட்டிட்டு, இன்னும் கொஞ்சம் பாட்டரி குடுத்தா இன்னும் நல்லா வெச்சுக்குவோம்னு கேக்கணும். கேக்கற விதம்னு ஒண்ணு இருக்குல்ல?”

“அதுக்கு என்ன பண்ணணுங்கற?” என்றாள் கரண்டக்கா.

“ரெண்டு நாளைக்கு எல்லார் வீட்டு பியூசையும் புடுங்கிடணும். பாட்டரி நிறையட்டும். அவங்க வர்ற அன்னிக்கு எல்லாத்தையும் ஒரே நேரத்துல போட்டுக் காட்டுவோம்.”

“சம்பந்தி வர்றாங்கன்னு வீட்ல இருக்கறவங்களப் பட்டினி போடற மாதிரி இருக்கு,” என்றாள் தையல்காரி. நாலு பேர் சிரித்தார்கள். கரண்டக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

“மெஷின்?”

மில்லுக்காரன் அவள் முகத்தைப் பார்க்காமல், “சிலிண்டர் இருக்குல்ல அண்ணி. ரெண்டே ராத்திரி,” என்றான்.

அவள் எழுந்துவிட்டாள். முடியாது என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து வீட்டுக்காரரின் குரல் வந்தது. மில்லுக்கு எதிர்வீடுதான் அவர்கள் வீடு. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வாக்கியத்தை மூன்று தவணையில்தான் அவரால் பேச முடியும்.

“தம்பி சொல்றது... சரிதான். என் ஒருத்தனுக்காக... ஊரு கெடணுமா? பியூசைப் புடுங்கு.”

அவள் பியூசைப் பிடுங்கினாள். பழியை முழுக்கக் கொழுந்தன் தலையில் போடுவதும் நியாயமில்லை. வருகிறவர்கள் தன் பாட்டரி அறையைப் பார்த்து, பரவாயில்லையே என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்கிற ஆசை அவளுக்கும் இருந்தது. இரண்டு நாளும் அந்த அறையே கதி என்று கிடந்தாள். முனைகளைப் பளபளவென்று தேய்த்தாள். கண் கசிகிற கிழவர்கள் மாதிரி ஓரத்தில் கசிந்துகொண்டிருந்த பாட்டரிகளைத் துடைத்துத் துடைத்து நல்ல பிள்ளையாக்கினாள். தரையைக் கழுவிவிட்டாள். தானே தன் கண்ணைக் குத்திக்கொள்கிறோம் என்று அப்போது உறைக்கவில்லை.

வானமும் ஒத்துழைக்கவில்லை. இரண்டு நாளும் மூட்டம். ஊரே இருட்டில் கஞ்சியும் வேகவைத்த கிழங்கும் தின்றுவிட்டுப் படுத்தது. மில் ஓடாததால் முழுத்தானியத்தை அம்மியில் நசுக்கினார்கள், யாரும் முணுமுணுக்கவில்லை. சிலிண்டரின் முள் மட்டும் கீழே கீழே இறங்கிக்கொண்டே போனது. அவர்கள் வருகிற அன்றைக்குக் காலையில் அது முழுசாகப் படுத்துவிட்டது.

கொழுந்தனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

“அண்ணி... இன்னிக்கு ஒரு பகல். பல்லக் கடிச்சுக்குங்க. இன்னிக்கு ராத்திரி எல்லாத்தையும் அணைச்சுட்டு பாட்டரியில இருக்கறது மொத்தத்தையும் அண்ணனுக்கு விட்டுடலாம். நாளைக்கே நான் சிலிண்டரத் தூக்கிட்டுக் கீழ போறேன்.”

அன்றைக்கென்று பார்த்து வெயில் கொளுத்தியது. மேகம் ஒரு துண்டு இல்லை. வந்தவர்கள் இரண்டு பேர். ஒரு மேடம், நரைத்த தலையும் பெரிய செருப்புமாக. கூட ஒரு இளவயது இன்ஜினியர், ஏறி வந்ததில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு. பந்தாவெல்லாம் இல்லாத ஆட்கள். கொடுத்த தண்ணீரைச் சொம்போடு வாங்கி அண்ணாந்து குடித்தார் மேடம்.

பட்டப்பகலில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. வெயில் வெளிச்சத்தில் அந்த பல்புகள் எரிவதே தெரியவில்லை. ஆளாளுக்கு விரலை நீட்டி, “பாருங்க மேடம், எரியுது மேடம்,” என்று காட்ட வேண்டியிருந்தது. மில் தடதடவென்று ஓடியது. பிரிட்ஜைத் திறந்து காட்டினாள் ஊசி போடுகிற ஊர் நர்ஸ். வீட்டுக்காரர் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, மூக்குக் குழாயைக் கழற்றி நாற்காலிக்குப் பின்னால் மறைத்து வைத்துவிட்டு, சும்மா வெயில் காய்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவர் மார்பு ஏறி இறங்குவது கரண்டக்காவுக்கு இங்கிருந்தே தெரிந்தது.

இன்ஜினியர் பாட்டரி அறைக்குள் வந்து மீட்டரைப் பார்த்தார். பேனலிலிருந்து கரண்டு கொட்டுகிற நேரம். மீட்டரில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். நோயாளியை இரண்டு பேர் தோளில் தாங்கி நடத்திக்காட்டுகிற மாதிரி, வெயில் தாங்கிக்கொண்டிருந்தது.

“ரொம்ப சுத்தமா வெச்சிருக்கீங்கக்கா,” என்றார். “பாட்டரி எப்படி இருக்கு? சார்ஜ் நிக்குதா?”

கேட்டுவிட்டார். அவள் வாயைத் திறந்தாள். வாசலில் கொழுந்தன் நின்றான். அவனுக்குப் பின்னால் பாதி ஊர் நின்றது.

“நிக்குது சார்,” என்றாள்.

அந்த வார்த்தையை எங்கிருந்து எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மில் வாசலில் பாய் விரித்து டீ கொடுத்தார்கள். மேடம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பேச எழுந்தார்.

“நாங்க எத்தனையோ ஊருக்குப் பணம் கொடுத்திருக்கோம். இவ்வளவு பொறுப்பா வெச்சிருக்கிற ஊரை நான் பார்த்ததில்ல. உண்மையச் சொன்னா, நாங்க ஒரு குழப்பத்தோடதான் வந்தோம். கையில இருக்கிறது ஒரு ஊருக்கான பணம். உங்களுக்குப் புது பாட்டரி வாங்கறதா, இல்ல ஆத்துக்கு அந்தப் பக்கம் இதுவரைக்கும் ஒரு விளக்குகூட இல்லாத ஊருக்குக் கொடுக்கறதான்னு. இப்ப எங்களுக்குக் குழப்பமே இல்ல. உங்க பழைய பாட்டரியே இன்னும் பல வருஷம் ஓடும். அந்தப் பணம் அவங்களுக்குப் போகும். உங்களால ஒரு ஊருக்கு வெளிச்சம் கிடைக்குது. நன்றி.”

கை தட்டினார்கள். மேடம் பேசி முடித்தால் தட்ட வேண்டும் என்று பேசி வைத்திருந்ததால் தட்டினார்கள். தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் சொன்னது என்னவென்று ஒவ்வொருவருக்காக ஏறியது. சத்தம் தேய்ந்து, கடைசியில் யாரோ ஒருவரின் கை மட்டும் தட்டிவிட்டு நின்றது. மில்லுக்காரன் சேர்த்த கையைப் பிரிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

“மேடம்,” என்றாள் கரண்டக்கா. “நாங்க பொய் சொல்லிட்டோம்.”

எல்லாத் தலையும் திரும்பியது.

“பாட்டரி செத்துப்போச்சு மேடம். ரெண்டு நாளா ஊரையே இருட்டுல போட்டு, சேத்து வெச்சு, உங்களுக்குக் காட்டினோம். பக்கத்து மலையில கழட்டிட்டுப் போன மாதிரி பண்ணிடுவீங்கன்னு பயம். அதோ உக்காந்திருக்காரே, அவரு என் வீட்டுக்காரரு. மெஷின்ல மூச்சு விடறவரு. அது ராத்திரில நின்னு நின்னு போகுது. நான்தான் பாட்டரிய பாத்துக்கறவ. நானே உங்க இன்ஜினியர்கிட்ட நிக்குதுன்னு சொன்னேன்.”

தையல்காரி வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மேடம் கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. அவர் கோபப்படவில்லை. களைத்துப்போனவர் மாதிரி உட்கார்ந்தார். “பக்கத்து மலையில அவங்களேதாம்மா கழட்டிக்கச் சொன்னாங்க. ஊரையே காலி பண்ணிட்டுக் கீழ போறோம்னு சொல்லி,” என்றார். “எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

மில்லுக்காரன் சேர்த்திருந்த கையைப் பிரித்துக்கொண்டான்.

“இப்ப நான் போய், அவங்க மொதல்ல சொன்னது பொய், இப்ப சொல்றதுதான் உண்மைன்னா யார் நம்புவாங்க? மீட்டர்ல எல்லாமே நல்லாத்தானே காட்டுது?” அவர் இன்ஜினியரைப் பார்த்தார்.

இன்ஜினியர் தயங்கினார். “ஒரு வழி இருக்கு மேடம். பேனல் சுவிட்சை இறக்கிட்டு, பாட்டரியில மட்டும் ஓட்டிப் பாக்கணும். தானா நிக்கிற வரைக்கும். நடுவுல நிறுத்தினா மேல இருக்கறவங்க ஒத்துக்க மாட்டாங்க. எவ்வளவு சீக்கிரம் தீருதோ, அதுதான் சாட்சி.” பிறகு கரண்டக்காவைப் பார்த்து, “ஆனா சுத்தமா காலி ஆயிடும்க்கா. ராத்திரி மெஷினுக்கு?” என்றார்.

அவள் மேற்கே பார்த்தாள். மலைக்குப் பின்னாலிருந்து மேகம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த மாசத்தில் மத்தியானத்துக்கு மேல் அது வராத நாளே கிடையாது.

“சிலிண்டர் இருக்கு சார்,” என்றாள்.

மில்லுக்காரன் துள்ளி எழுந்தான். “அண்ணி—”

“நீ சும்மா இரு தம்பி.”

அவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். சிலிண்டர் காலி என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் காலையில் குழாயிலிருந்து ஒன்றும் வராததை மூக்கு அறியாதா? அவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சரி என்று தலையை ஆட்டினார்.

சுவிட்சை அவளே இறக்கினாள். வேறு யாரையும் தொட விடவில்லை.

மில் முதலில் குரல் மாறியது. தடதடப்பு முனகலாகி, வார் பட்டை சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. இன்ஜினியர் நேரத்தைக் குறித்துக்கொண்டார். “மில்லு அதிகம் இழுத்துச்சுன்னு சொல்லிடுவாங்க. விளக்கும் பிரிட்ஜும் மட்டும் ஓடட்டும்,” என்றார். ஓடின. அதற்குள் மேகம் பாதி வானத்துக்கு வந்துவிட்டது. வெயில் குறையக் குறைய, இதுவரை கண்ணுக்கே தெரியாமல் இருந்த விளக்குகள் ஒவ்வொரு வீட்டிலும் மஞ்சளாகத் தெரிய ஆரம்பித்தன. தெரிய ஆரம்பித்ததும் மங்க ஆரம்பித்தன. அவள் வெடிமருந்து அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனையும் அவர் மூச்சு. இரண்டு நாள் ஊரே வாயைக் கட்டிச் சேர்த்தது. சீக்கிரம் தீர வேண்டும், தீர்ந்தால்தான் நம்புவார்கள் என்றும் வேண்டிக்கொண்டாள். கடவுளே இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்றும் வேண்டிக்கொண்டாள். இன்வர்ட்டர் கத்தியது. விளக்குகள் ஒரே அடியாய் அணைந்தன.

“இதுக்கு மேல பாக்க வேண்டியதில்ல,” என்றார் இன்ஜினியர்.

மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “நான் எழுதறேன்மா. நடந்தது நடந்தபடி எழுதறேன். ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஊரை என்னால விட முடியாது. அங்கயும் குழந்தைகள் இருக்கு. உங்களுக்குத் தனியா கேக்கறேன். ஆனா இந்த வருஷப் பணம் முடிஞ்சுது. மறுபடி ஒதுக்கி, வாங்கி, மலையேத்தி... அடுத்த மழைக்காலம் முடிஞ்சுதான் ஆகும். அதுவும் அவங்க சரின்னு சொன்னா. சிலிண்டர மட்டும் நிரப்பி நிரப்பி வெச்சுக்கோங்க.”

“சரிங்க மேடம்.”

மழைக்கு முன்னால் ஆற்றைத் தாண்ட வேண்டும் என்று அவர்கள் இறங்கினார்கள். அவர்கள் வளைவில் மறைந்ததும் மில்லுக்காரன் வீட்டுக்குள் புகுந்து, காலிச் சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். அண்ணியின் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை. “நாளை மறுநாள் வந்துடறேன்,” என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சரிவில் ஓடினான்.

அவள் பேனல் சுவிட்சைத் திரும்ப ஏற்றிவிட்டுப் பார்த்தாள். மூட்டத்தில் மீட்டர் முள் அசையவில்லை. முதல் தூறல் பேனல் மேல் விழுந்தது.

வீட்டுக்குள் தையல்காரி அவரைக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். கரண்டக்கா வந்ததும் விசிறியை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனாள். அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. மூலையில் மெஷின் சும்மா நின்றது. ஜன்னலைத் திறந்து, மழைக்காற்று அவர் பக்கம் வரும்படி பலகையைச் சாய்த்து வைத்தாள். கட்டிலில் உட்கார்ந்து வீச ஆரம்பித்தாள்.

“நம்பினாங்களா?” என்றார்.

“நம்பினாங்க.”

“தம்பிய... திட்டாத.”

“திட்டல.”

கொஞ்ச நேரம் மூச்சைத் தேடிப் பிடித்துவிட்டு, “எப்ப... தருவாங்களாம்?” என்று கேட்டார்.

விசிறி ஒரு தடவை நின்று மறுபடி அசைந்தது.

“அடுத்த வாரமே அனுப்பிடறாங்களாம்ங்க,” என்றாள் கரண்டக்கா. “குதிரைக்கெல்லாம் சொல்லிட்டாங்களாம்.”

“அடுத்த வாரமா,” என்றார் அவர். முகம் தெளிந்தது. “அதுவரைக்கும்... இழுத்துப் புடிச்சிருவேன் புள்ள.”